ஒற்றைப் பாதையும் ஒரு சாவியும்

கொச்சி நகருக்குப் பிழைப்பை நாடி வந்து குடியேறிய தமிழ் மக்களுக்கு மட்டாஞ்சேரியின் பழைய துறைமுகப் பாலம் புதியதன்று. வில்லிங்டன் தீவிலிருந்து தோப்பும்படிக் கரைக்குச் செல்லும் அப்பாலத்தின் நடுப்பகுதி, படகுகள் கடந்து செல்லும் பொருட்டு மேலே தூக்கப்படும் வண்ணம் அமைக்கப்பட்டது. பாலம் தூக்கப்பட்டால் வண்டிகள் கரையில் நிற்க வேண்டும். வண்டிகள் ஓடினால் படகுகள் நீரில் நிற்க வேண்டும். இடம் ஒன்று, அதற்கு உரிமை கோருவோர் இருவர், ஒருவருக்கு உரிமை கிடைத்த கணத்தில் மற்றவர் காத்திருப்பதே முறை.

கேட்பதற்கு இது சிறு பிள்ளைகளும் அறிந்த நீதியாகவே தோன்றும். ஆயினும் இந்நீதியைப் பிழையின்றி நடத்துவது எத்துணை அரிது என்பதை மனித இனம் பெரும் விலை கொடுத்தே கற்றது. முதலில் இருப்புப் பாதையில் கற்றது; ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துக் கணிப்பொறியின் உள்ளே அதையே மீண்டும் கற்கத் தொடங்கியது. அந்தப் பாடத்தின் வரலாற்றையே இப்பேச்சில் காண விழைகிறோம்.

கொச்சி இராச்சியத்திற்கு இருப்புப் பாதை வந்தது 1902 ஆம் ஆண்டில். ஷோரனூரிலிருந்து எறணாகுளம் வரை போடப்பட்ட அப்பாதைக்குப் பொருள் திரட்டுவதற்காக, அந்நாளைய மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் ஆலயத்து யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பதைக் கொச்சி மக்கள் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள். 1920 ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலை ஆழப்படுத்தித் துறைமுகம் அமைத்தார். தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1928 ஆம் ஆண்டு பத்மா என்னும் கப்பல் உட்துறைமுகத்தில் நுழைந்தது. பின்னர் இருப்புப் பாதையும் எறணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து அத்தீவு வரை நீண்டது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் மிளகும் சுக்கும் ஏலமும் உலகெங்கும் போய்ச் சேர்ந்த வழிகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

அக்காலத்துப் பாதைகளுட் பல ஒற்றைப் பாதைகள். போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் ஒரே தண்டவாளம். இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இவ்விதியைக் காப்பது எவ்வாறு? நேர அட்டவணையை நம்பலாம். ஆனால் வண்டிகள் தாமதமாகும். தந்தியை நம்பலாம், ஆனால் தந்தியைப் புரிந்துகொள்வதிலும் மனிதர் தவறுவர். இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் 1874 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் இரவில் அதுவே நிகழ்ந்தது. தந்தி வழிச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒரே ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே அனுப்பப்பட்டன. 25 பேர் மாண்டனர்.

இதன் விளைவாகப் பிறந்ததே எட்வர்டு டையர் என்பவர் 1878 இல் அமைத்த வில்லைக் கருவி. இரு நிலையங்களிலும் இரு பெட்டிகள். இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. பெட்டிகளுக்குள் உலோக வில்லைகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டியில் திரும்ப நுழையும் வரை, எந்தப் பெட்டியும் இன்னொரு வில்லையைத் தராது. அந்த வில்லையைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநரே பாதையில் செல்லும் உரிமை பெற்றவர். வில்லை இல்லாதவர் நிலையத்திலேயே நிற்க வேண்டும்.

இம்முறையின் மற்றொரு வடிவம் நம் நாட்டில் பெரிதும் வழங்கியது. அது நீல் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் பந்துக் கருவி. வில்லைக்குப் பதிலாக உலோகப் பந்து. அப்பந்தை ஒரு தோற்பையில் இட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடுகின்ற வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டும் காட்சியைத் தமிழ்நாட்டுச் சிறு நிலையங்களில் கண்ட நேயர்கள் பலர் இருப்பர். ஆனால் அந்தப் பந்தில் நாம் காணாத ஒரு நுட்பம் உண்டு. அடுத்தடுத்த பாதைப் பகுதிகளுக்குரிய பந்துகளில் வெட்டப்பட்ட பள்ளங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு பகுதியின் பந்து அடுத்த பகுதியின் கருவியில் நுழையாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர் அதைத் தவறான பெட்டியில் போட முயன்றாலும் பெட்டி அதை ஏற்காது. 'தவறாகப் போடாதே' என்று அறிவிப்புப் பலகை எழுதி மாட்டாமல், தவறாகப் போட இயலாதபடியே உருவத்தைச் செய்துவிட்டார்கள். இதை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இப்பேச்சின் மையப் பொருள் இதுவே.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவ்வளவு சிறந்த ஏற்பாட்டையும் மீறி ஒரு விபத்து நேர்ந்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஆபர்மியூல் என்னும் சிறு நிலையம். 1921 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள். ஒற்றைப் பாதையில் வந்த ஒரு வண்டியின் ஓட்டுநர், தாம் கடந்து வந்த பகுதிக்குரிய வில்லையை நிலையத்தில் ஒப்படைத்தார். அதைக் கருவிக்குள் இட்டு, அடுத்த பகுதிக்குரிய புதிய வில்லையைப் பெற்றுத் தந்திருக்க வேண்டும். ஆனால் நிலைய ஊழியர்களிடையே அவ்வில்லை கைமாறிக் கைமாறிச் சென்று, பழைய வில்லையே திரும்ப ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்தது. அதன்மேல் இரு நிலையங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அதை ஒருவரும் படிக்கவில்லை. வண்டி புறப்பட்டது. எதிரே, அப்பாதைக்கு உரிய வில்லையை முறைப்படி பெற்ற விரைவு வண்டி வந்துகொண்டிருந்தது. 17 பேர் உயிரிழந்தனர்.

இங்கே பூட்டு பழுதாகவில்லை. கருவி தன் கடமையைச் சரியாகவே செய்தது. ஒரு பகுதிக்கு ஒரு வில்லைக்கு மேல் அது வெளியே விடவில்லை. குறை எங்கே இருந்தது? பூட்டுக்கும் பாதைக்கும் இடையில் இருந்தது. எந்த வில்லை, எந்தப் பாதைக்கு உரியது என்பது எழுத்தில் மட்டுமே இருந்தது, இயந்திரத்தில் இல்லை. நிலையத்தின் புறப்பாட்டுக் கைகாட்டியைக் கருவியோடு பிணைத்து, சரியான வில்லை வெளியே எடுக்கப்பட்டாலன்றிக் கைகாட்டி இறங்காது என்று செய்திருந்தால், அவ்வண்டி புறப்பட்டே இராது. நிலையத்தின் கடைசிக் கைகாட்டியை இவ்வாறு கருவியோடு பிணைப்பது பின்னாளில் இருப்புப் பாதைத் துறையின் முறையாக வேரூன்றியது.

ஆகவே இருப்புப் பாதை நமக்கு மூன்று விதிகளைக் கற்றுத் தந்தது. முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு சாவி மட்டுமே வெளியே இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சாவியும் தனக்குரிய பூட்டுக்கு மட்டுமே பொருந்தும் உருவம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாவது, சாவி இல்லாமல் வழியே திறக்கக் கூடாது. இம்மூன்றையும் மனத்தில் கொண்டு, இனிக் கணிப்பொறிக்குள் நுழைவோம்.

மட்டாஞ்சேரியில் மிளகு வைக்கும் ஒரு பண்டகசாலையை எண்ணிப் பார்ப்போம். கணக்குப் புத்தகத்தில் 500 மூட்டை இருப்பு என்று எழுதியிருக்கிறது. இரு கணக்கர்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கின்றனர். முதலாமவர் 40 மூட்டையை ஒரு வணிகருக்குக் கொடுத்துவிட்டு, மீதி 460 என்று எழுதுகிறார். இரண்டாமவரோ தாம் முன்பு பார்த்த 500 என்ற எண்ணையே மனத்தில் வைத்து, 60 மூட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, 440 என்று மாற்றி எழுதுகிறார். கிடங்கில் உண்மையில் இருப்பது 400 மூட்டை. புத்தகத்தில் இருப்பதோ 440. இருவரும் நேர்மையானவர்கள், இருவருக்கும் கணக்கு நன்றாகத் தெரியும், ஒருவரும் திருடவில்லை. ஆயினும் 40 மூட்டை மிளகு கணக்கிலிருந்து மறைந்து போயிற்று. ஒருவர் புத்தகத்தை எடுத்து, பார்த்து, எழுதி, மூடி வைக்கும் வரை மற்றவர் அதைத் தொடக் கூடாது என்ற ஏற்பாடு இல்லாததே காரணம்.

கணிப்பொறியிலும் இவ்வாறே பல கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். ஒவ்வொரு கணிப்பொறியிலும் இயங்குதளம் என்ற ஒன்று உண்டு. அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். நினைவகத்தைப் பங்கிடுவதும், கோப்புகளைப் பேணுவதும், வலைப்பின்னல் வழியே வரும் செய்திகளை உரிய இடத்தில் சேர்ப்பதும் கெர்னலின் வேலை. அதன் கணக்குப் புத்தகம் ஒன்று பிழைபட்டால், அதன்மேல் இயங்கும் எல்லாமே பிழைபடும். ஆகவே கெர்னலுக்குள் ஒவ்வொரு பொதுக் கணக்குக்கும் ஒரு பூட்டு வைக்கப்படுகிறது. பூட்டைப் பெற்ற வேலை மட்டுமே அக்கணக்கைத் தொடலாம். பிற வேலைகள் காத்திருக்க வேண்டும்.

இப்பூட்டுக்கு முதன்முதலில் தெளிவான கணித வடிவம் தந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கொச்சியை 1663 முதல் 1795 வரை ஆண்ட அதே டச்சு நாட்டைச் சேர்ந்தவர். 1960களில் அவர் இதற்கு இட்ட பெயர் செமஃபோர். அஃது இருப்புப் பாதையிலிருந்து எடுத்த சொல். நம் மக்கள் கைகாட்டி என்று அழைக்கும் மரத்தின் பெயரே அது. கணிப்பொறி அறிஞர் ஒருவர் தம் புதுக் கருவிக்குப் பெயர் தேடும்போது ரயில் நிலையத்தை நோக்கியது இயல்பே. இரண்டிடத்தும் சிக்கல் ஒன்றே அன்றோ? இருப்புப் பாதையின் முதல் விதி இவ்வாறு கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் முதல் விதி மட்டுமே வந்தது. செமஃபோர் ஒருபுறம் இருக்கும். அது காக்க வேண்டிய கணக்கு மற்றொரு புறம் இருக்கும். இன்ன கணக்குக்கு இன்ன பூட்டு என்பது நிரல் எழுதுவோரின் நினைவில் மட்டுமே இருக்கும். இக்குறையைக் கண்டவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த பெர் பிரிஞ்ச் ஹான்சனும், ஆங்கில அறிஞர் டோனி ஹோரும். ஹோர் 1934 ஆம் ஆண்டு கொழும்பு நகரில் பிறந்தவர் என்பது நம் நேயர்கள் அறிய வேண்டிய செய்தி. இவ்விருவரும் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மானிட்டர் என்னும் கருத்தை வெளியிட்டனர். கணக்கையும் அதன் பூட்டையும் ஒரே அறைக்குள் வைத்துவிட வேண்டும். அவ்வறைக்குக் குறிப்பிட்ட வாயில்கள் மட்டுமே உண்டு. வாயிலில் நுழைந்தாலே பூட்டு தானாகப் போடப்படும், வெளியேறினாலே தானாகத் திறக்கும் என்பது அதன் சாரம். 1975 இல் பிரிஞ்ச் ஹான்சன் இக்கருத்தை ஒரு நிரல்மொழிக்குள்ளேயே அமைத்துக் காட்டினார். வாயிலைத் தவிர்த்துச் சுவரேறிக் குதிக்க முயலும் நிரலை, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுத்துவிடும்.

ஆனால் உலகம் அவ்வழியே செல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி என்னும் மொழியே இயங்குதளங்களின் மொழியாயிற்று. விரைவும் எளிமையும் அதன் சிறப்புகள். ஆனால் பூட்டுக்கும் கணக்குக்கும் உள்ள உறவை அம்மொழி அறியாது. 1991 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டார்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னலும் சி மொழியிலேயே வளர்ந்தது.

லினக்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் இயங்கத் தொடங்கியது 1996 இல் வெளிவந்த 2.0 பதிப்பில். அப்போது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. ஷோரனூரிலிருந்து எறணாகுளம் வரை முழுப் பாதைக்கும் ஒரே பந்து வைத்திருப்பதை ஒத்தது அது. பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒரு வண்டி போய்ச் சேரும் வரை மற்ற வண்டிகளெல்லாம் காத்துக் கிடக்க வேண்டும். ஆகவே பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வைத்தார்கள். அப்பெரும் பூட்டு முற்றிலும் நீக்கப்பட்டது 2011 இல். பூட்டுகள் பெருகப் பெருக வேகம் பெருகியது. கூடவே இடரும் பெருகியது.

எத்தகைய இடர்? ஒருவர் பூட்டை எடுக்க மறந்துவிட்டுக் கணக்கைத் தொடுவார். மற்றொருவர் வேறு பூட்டை எடுத்துக்கொண்டு இக்கணக்கைத் தொடுவார். இன்னொருவர் பூட்டை எடுத்துவிட்டு, நடுவில் பிழை ஒன்று நேர்ந்ததும் அவசரமாக வெளியேறிப் பூட்டைத் திருப்பித் தர மறந்துவிடுவார். பின்னால் வருவோர் என்றென்றும் காத்து நிற்பர். இவற்றைத் தடுக்க நிரலில் குறிப்புகள் எழுதி வைத்தனர். 'இதைத் தொடுமுன் இன்ன பூட்டு கையில் இருக்க வேண்டும்' என்று அக்குறிப்புகள் கூறும். ஆபர்மியூல் வில்லையின் மேல் பொறிக்கப்பட்டிருந்த ஊர்ப் பெயர்களை இங்கே நினைவுகூர்வோம். எழுதியிருந்தது, படிப்பாரில்லை. கம்பைலருக்கோ அக்குறிப்புகள் கண்ணிலேயே படா.

நான்காவதாக ஓர் இடரும் உண்டு. பண்டகசாலைக் கணக்கர் ஒருவர் கிடங்குச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார். மற்றவர் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்குச் சாவிக்காகக் காத்திருக்கிறார். இருவரும் விட்டுக்கொடார், வேலை அப்படியே நின்றுவிடும். இதை ஆங்கிலத்தில் டெட்லாக் என்பர். முதலில் சாவி, பிறகே புத்தகம் என்று எல்லாருக்கும் ஒரே வரிசையை விதிப்பதே இதற்கு மருந்து. ஆனால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் கெர்னலில் அவ்வரிசையை அனைவரும் நினைவில் வைத்திருப்பதெங்ஙனம்?

2006 ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டவரான இங்கோ மோல்னார் இதற்கு ஒரு துணை செய்தார். லாக்டெப் என்னும் அவருடைய அமைப்பு, கெர்னல் இயங்கும்போது கூடவே இருந்து, எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டே வரும். வரிசை முரண்பட்டால், உண்மையில் வேலை நின்று போகாவிட்டாலும், உடனே எச்சரிக்கும். பாதை நெடுகிலும் பயணம் செய்து குறை காணும் ஆய்வாளரைப் போன்றது அது. மிகப் பயனுள்ளது, பல பிழைகளைக் காட்டிக் கொடுத்தது. எனினும் ஆய்வாளர் எந்தப் பாதையில் சென்றாரோ அந்தப் பாதையின் குறையைத்தான் காண முடியும். ஓராண்டுக்கு ஒருமுறை மட்டும் வண்டி ஓடும் கிளைப் பாதையில் உள்ள குறை அவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆகவே ஆய்வாளர் ஒருபுறம் இருக்க, பந்தின் உருவத்தையே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. 2015 ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளிவந்த ரஸ்ட் என்னும் நிரல்மொழி அதற்கு வழி கோலியது. லினக்ஸ் கெர்னலின் 6.1 பதிப்பில், 2022 டிசம்பரில், அம்மொழிக்கு இடம் அளிக்கப்பட்டது. கெர்னலுக்குள் ரஸ்ட் மொழியில் பூட்டுகள் எவ்வாறு அமைகின்றன என்பதைச் சற்று விரித்துச் சொல்வோம். ஏனெனில் இருப்புப் பாதையின் எஞ்சிய இரு விதிகளும் இங்கேதான் முழுமையாக வந்து சேர்கின்றன.

ரஸ்ட் மொழியில் கணக்கு பூட்டின் அருகே இருப்பதில்லை. பூட்டின் உள்ளேயே இருக்கிறது. கணக்கைத் தொட விரும்புவோர் முதலில் பூட்டைக் கேட்க வேண்டும். பூட்டு அவருக்கு ஓர் அடையாளத்தைத் தரும். அவ்வடையாளத்துக்குக் கார்டு என்று பெயர்; வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியுடன் நிற்பவரை நினைவூட்டும் பெயர். கணக்கைப் பார்ப்பதும் மாற்றுவதும் அந்தக் கார்டின் வழியாக மட்டுமே இயலும். வேறு வாயில் இல்லை. சாவியில்லாமல் வழி திறவாது என்ற மூன்றாம் விதி இவ்வாறு நிறைவேறுகிறது.

கார்டு தன் வேலை முடிந்து மறையும்போது, பூட்டும் தானாகத் திறக்கிறது. இயல்பாக வேலை முடிந்தாலும், நடுவில் பிழை நேர்ந்து அவசரமாக வெளியேறினாலும், பந்து தானே கருவிக்குத் திரும்பிவிடுகிறது. திருப்பித் தர மறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்டு மறைந்த பின்னும் கணக்கைக் காட்டும் சுட்டு ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்ள யாரேனும் முயன்றால், கம்பைலர் அந்நிரலை ஏற்க மறுத்துவிடும். அன்றியும், ஒரு வேலை பெற்ற கார்டை மற்றொரு வேலையின் கையில் கொடுக்கவும் இயலாது. ஆபர்மியூலில் வில்லை கைமாறிக் கைமாறிச் சென்றதே, அது இங்கே நடவாது.

பந்தின் பள்ளங்களைப் போல, ஒவ்வொரு கார்டும் தான் எவ்வகைக் கணக்கைக் காப்பது என்பதைத் தன் வகையிலேயே தாங்கியிருக்கிறது. மிளகுக் கணக்கின் கார்டைக் கொண்டு வந்து ஏலக் கணக்கின் கதவைத் தட்டினால் வகை பொருந்தாது. இதுவே இரண்டாம் விதி. அறிஞர்கள் இதை வகைப் பாதுகாப்பு என்பர். இதன் பெருஞ்சிறப்பு யாதெனில், பிழை வெளிப்படும் இடம் மாறிவிடுகிறது. முன்பு, வண்டி ஓடும்போது பாதையில் வெளிப்பட்டது. இப்போது, வண்டி செய்யும் பட்டறையிலேயே வெளிப்படுகிறது. கூகிள் நிறுவனத்தின் ஃபியூஷா என்னும் இயங்குதளத்தில் வலைப்பின்னல் பகுதியை எழுதியோர் இன்னும் ஒரு படி சென்றனர். பூட்டுகளை எடுக்க வேண்டிய வரிசையையே வகைகளாக வகுத்து, வரிசை மாறி எடுக்கும் நிரலையும் கம்பைலர் மறுக்கும்படி செய்தனர்.

இதனால் எல்லாத் துன்பமும் ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. அத்தகைய தனி ஏற்பாடு செய்யாத இடங்களில், வரிசைப் பிழையால் வேலை நின்று போவதை ரஸ்ட் மொழி தானாகத் தடுப்பதில்லை. லாக்டெப் என்னும் ஆய்வாளர் அங்கே இன்றும் தேவைப்படுகிறார். சில வகைப் பூட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கலாகாது என்பது கெர்னலின் கண்டிப்பான விதி. அதையும் வகை மட்டுமே முழுதும் காத்துவிடாது. மொழியின் காவலைத் தளர்த்தி எழுத வேண்டிய சில இடங்களும் கெர்னலில் தவிர்க்க இயலாதவை. அங்கே மனிதரின் விழிப்பே காவல். பல்லாண்டுகள் சி மொழியில் உழைத்த வல்லுநர்கள் சிலர், இரு மொழிகளைப் பேணும் சுமை பெரிதென்று எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. பழைய பாதையில் புதிய கருவியைப் பொருத்துவது எக்காலத்தும் எளிய பணியன்று.

ஆயினும் பணி நடந்துகொண்டே இருக்கிறது. இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஊரில் உள்ள தாய் தந்தையருக்கு முன்பு மணியார்டர் அனுப்பினோம். இன்று கைப்பேசியின் வழியே பணம் அனுப்புகிறோம். நம்மில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவாக இருப்பது லினக்ஸ் கெர்னலே. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி மற்றொன்றுடன் பேசுவதற்குத் துணை நிற்கும் பைண்டர் என்னும் பகுதியை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதினர். அவ்வடிவம் 2025 இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. இரு கணக்கர்கள் ஒரு புத்தகத்தில் எழுதிய கதை நம் சட்டைப் பையிலேயே நொடிதோறும் நடக்கிறது. அங்கே கணக்குப் பிழைபட்டால், மறைவது மிளகு மூட்டையன்று; நம் உழைப்பின் ஊதியம்.

நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் பெரும்பாலும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடக்கிறது. ஆகவே மட்டாஞ்சேரிப் பள்ளியில் படிக்கும் தமிழ்ச் சிறுவனும் சிறுமியும் நாள்தோறும் பழகும் கணிப்பொறியின் உட்கரு இதுவே. அதன் நிரல் ஒளிவு மறைவின்றி எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. கற்க விரும்புவோர்க்குத் தடையில்லை; அறிவும் பொறுமையும் இருந்தால், திருத்தி அனுப்பவும் தடையில்லை.

ஒரு விபத்து நேர்ந்தவுடன், தவறு செய்தவர் யார் என்று கேட்பது உலக வழக்கம். ஆபர்மியூலில் வில்லையைப் படிக்காமல் வாங்கிய ஓட்டுநரைக் குறை கூறலாம். கொடுத்த ஊழியரைக் குறை கூறலாம். அவ்வாறு குறை கூறி முடித்தால் மறுநாளும் அதே கருவியே அங்கிருக்கும். வேறு ஒருவர் வேறு ஒரு நாள் அயர்ந்து போவார். இரவு முழுவதும் கண் விழித்துத் துறைமுகத்திலும் கிடங்கிலும் ஆலையிலும் உழைக்கும் மக்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். உழைப்பவர் அயர்வது குற்றமன்று. அயர்ந்தவரின் ஒரு கணத்து மறதியால் உயிர் போகும்படி கருவியை விட்டு வைப்பதே குற்றம். மறவாதே என்று மனிதருக்குக் கட்டளையிடுவது எளிது. மறந்தாலும் கேடு நேராத வண்ணம் சாவியின் உருவத்தைச் செதுக்குவது அரிது, அறமும் அதுவே. ஒற்றைப் பாதையில் உயிரிழந்தோர் உலகுக்கு விட்டுச் சென்ற பாடம் இன்று நம் கைப்பேசியின் உட்கரு வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கற்று மேலும் செம்மை செய்யும் பொறுப்பு இனி வரும் தலைமுறையினருடையது.